ஜனவரியில் அடை, ஜூனில் அவல்



எளிய வீட்டுச் சமையல், எளிய பானங்கள், சமையலறையைப் புதுப்பிப்பது என்று மூன்று தலைப்புகளை என்னிடம் கொடுத்தார்கள். மூன்றையும் ஒரே பேச்சில் அடக்கச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தபோது இவை மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றியது. டெல்லித் தமிழர்களாகிய நாம் இந்த ஊருக்காக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டோம். ஸ்வெட்டர் போட்டோம், இந்தி பேசினோம், காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் கற்றுக்கொண்டோம். அடுப்படியில் மட்டும் சென்னை காலண்டர்தான் இன்னும் தொங்குகிறது. ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று வருந்துகிறோம். ஜூன் வெயிலில் மூன்று அடுப்பையும் ஏற்றி சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று முழுத் தளிகை செய்துவிட்டு, சமையல் ரொம்பக் கஷ்டம் என்கிறோம். கஷ்டம் சமையலில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

இதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 1911-ல் தலைநகரை கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். புதுடெல்லி முறையாகத் திறக்கப்பட்டது 1931-ல். அந்தக் காலகட்டத்தில் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்போது கோடை வந்தால் அரசாங்கமே சிம்லாவுக்கு மலையேறும். கோப்புகளோடு ஊழியர்கள் பலரும் போனார்கள். ஆக, முதல் தலைமுறையில் பலருக்கு டெல்லியின் ஜூன் மாதத்தில் அடுப்பு மூட்டவேண்டிய அவசியமே இருந்திருக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அந்த வழக்கம் நின்றது. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் தோன்றியபோது இங்கே இருந்த குடும்பங்கள், தஞ்சாவூர் சமையலை நாற்பத்தைந்து டிகிரியில் செய்யத் தொடங்கியிருந்தன. கரோல் பாக் வீடுகளில் அங்கீட்டி அடுப்பில் கரி போட்டு, கண் எரிய ஊதி ஊதிச் சமைத்த பெண்கள் அவர்கள். பர்சாத்தி என்கிற மொட்டை மாடி அறையில் பம்ப் ஸ்டவ் வைத்துக்கொண்ட பிரம்மச்சாரிகளும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மெஸ்ஸுக்கே போனார்கள். புத்திசாலிகள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வந்தது. கல்யாணமாகி வடக்கே வரும் பெண்ணின் பெட்டியில் அதுவும் சேர்ந்து வந்தது. அருமையான புத்தகம், இன்றும் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அது சென்னையில் எழுதப்பட்ட புத்தகம். மாவு ஓர் இரவில் புளிக்கும், தயிர் ஆறு மணி நேரத்தில் உறையும் என்கிற தட்பவெப்பம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லாமலே இருக்கிறது. டெல்லி அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவதில்லை.

இட்லி மாவிலிருந்தே ஆரம்பிப்போம். மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக இருக்கும் நுண்ணுயிரிகள். இருபத்தைந்து முதல் முப்பது டிகிரி வரை அவை உற்சாகமாக வேலை செய்யும். டெல்லியில் ஜனவரி மாதத்து இரவில், ஹீட்டர் இல்லாத சமையலறை பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது அவை போர்த்திக்கொண்டு தூங்கும். நாமும் கம்பளி, பழைய ஷால், அரிசி டப்பாவுக்குள் வைப்பது என்று என்னென்னவோ செய்கிறோம். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை வைப்பது நல்ல உபாயம்தான், பழைய குண்டு பல்பாக இருந்தால். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், வெதுவெதுப்பு தராது. இந்த விவரம் தெரியாமல் காலையில் மாவைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும்.

நான் சொல்வது வேறு. டிசம்பர் பதினைந்திலிருந்து ஜனவரி கடைசி வரை இட்லிக்கு விடுமுறை கொடுங்கள். அது அடையின் பருவம். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு, ஒரு பங்கு கடலைப்பருப்பு, அரைப் பங்கு உளுந்து, காரத்துக்கு மிளகாய், பெருங்காயம். மூன்று மணி நேரம் ஊறவேண்டும், குளிர் நாளில் வெந்நீரில் ஊற வையுங்கள். கொரகொரவென்று அரைத்தால் முடிந்தது. புளிக்கவேண்டியதே இல்லை. இதில் டெல்லியின் குளிர்காலம் தரும் பொருள்களைச் சேருங்கள். வண்டிக்காரர் பத்துவா என்று கூவி விற்பது நம்முடைய சக்கரவர்த்திக்கீரை. வெந்தயக்கீரை கட்டுக்கட்டாக வரும். தழையோடு கூடிய பச்சைப் பூண்டு குளிர்காலத்தில்தான் கிடைக்கும். அதைப் பொடியாக அரிந்து அடை மாவில் கலந்து வார்த்து, மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைத்துப் பாருங்கள். அடைக்கு முருங்கைக்கீரை கிடைக்கவில்லையே என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடிக்கமாட்டீர்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டைக் குறை சொல்லவில்லை. வாழைப்பூ, சேனை, சின்ன வெங்காயம் என்று நமக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும், நானும் போகிறேன். பண்டிகைக்குப் போகலாம், சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு எதற்கு? குளிர்காலத்தில் ஆஜாத்பூர் மண்டியிலிருந்து நகரமெங்கும் வந்து குவியும் சிவப்பு காரட், பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, காலிஃபிளவர் இவற்றின் ருசி தென்னாட்டில் கிடைக்காது. பட்டாணியை உரிக்கச் சோம்பலாக இருந்தால் வெயிலில் உட்கார்ந்து உரியுங்கள். டெல்லிக் குளிரில் அது வேலையே அல்ல, வைத்தியம். அதுவும் முடியாவிட்டால் சஃபல் கடையில் உறைந்த பட்டாணி இருக்கிறது. மதர் டெய்ரி 1988-ல் தொடங்கிய கடைகள் அவை. அந்தப் பட்டாணியையும் மிளகு சீரகத்தையும் போட்டு ஒரு வெண்பொங்கல், தொட்டுக்கொள்ள முள்ளங்கித் துவையல் என்றால், குக்கர் ஒன்று, மிக்ஸி ஜார் ஒன்று, இரண்டே பாத்திரம்தான் தேய்க்கவேண்டியிருக்கும்.

இப்போது கோடைக்கு வருகிறேன். 2024 மே மாதக் கடைசியில் முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டி, உலகமே திரும்பிப் பார்த்தது நினைவிருக்கும். கருவிக் கோளாறு, மூன்று டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்று பிறகு விளக்கம் வந்தது. கழித்துப் பார்த்தாலும் ஐம்பதுக்குப் பக்கம். அந்த வெயிலில் சமையலறையின் நிலைமை சமைக்கிறவருக்குத்தான் தெரியும். மின்விசிறி போட்டால் அடுப்பு அணைகிறது. கூலரை அடுப்படிப் பக்கம் திருப்ப முடியாது. வீட்டிலேயே குளிர்ச்சி போகாத ஒரே அறையில் வீட்டிலேயே அதிக நேரம் நிற்பவர் நிற்கிறார். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு “இன்னிக்கு ரசம் இல்லையா?” என்று கேட்பவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மே, ஜூனில், ஒரு நிமிஷத் தாளிப்பைத் தவிர, அடுப்பு ஒரே தடவைதான் எரியவேண்டும், அதுவும் காலை ஏழு மணிக்குள். குக்கர் இதற்காகவே வந்த கருவி. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் நூற்றிருபதை எட்டுகிறது. அதனால்தான் அரை மணி நேரத்துப் பருப்பு பத்து நிமிஷத்தில் குழைகிறது. இந்தியாவில் குக்கர் உற்பத்தி ஐம்பதுகளின் இறுதியில்தான் சூடுபிடித்தது. அதற்கு முன்பு அங்கீட்டியில் பருப்பு வேக வைத்தவர்களின் பொறுமையை நினைத்துப் பார்க்கிறேன். அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பு, நடுவே அரிசி, மேலே சுரைக்காயோ பீர்க்கங்காயோ. ஒரே ஆவியில் மூன்றும் முடிந்தது. சுரைக்காயைத் தயிர்ப் பச்சடியாக்குங்கள், பருப்பில் எலுமிச்சை பிழியுங்கள். ஊறின பயத்தம்பருப்பும் வெள்ளரிக்காயும் மாங்காயும் சேர்ந்த கோசுமல்லிக்கு அடுப்பே வேண்டாம்.

இரவுக்கு அவல். கெட்டி அவலை அலசிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, தயிரும் கொஞ்சம் பாலும் விட்டுப் பிசைந்து, கடுகு, பச்சைமிளகாய், இஞ்சி தாளித்துக் கொட்டினால் போதும். எரிவாயு ஒரு நிமிஷம் எரிந்தாலே அதிகம். விருந்தாளி வந்துவிட்டார் என்றால் மாதுளை முத்துக்களைத் தூவுங்கள், ஏதோ பெரிய ஹோட்டல் பண்டம் மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காலையில் வடித்த சோற்றை டெல்லிக் கோடையில் மேடையிலேயே விட்டுவைக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆறியவுடன் குளிர்பெட்டிக்குள் போகட்டும். இட்லி மாவும் அப்படித்தான். ஜனவரியில் ஒரு நாள் காத்தும் பொங்காத அதே மாவு, ஜூனில் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழியும், மாலைக்குள் பல் கூசும்.

பானங்களுக்கு வருவோம். இதைப்பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை அதிகம்.

வட இந்தியாவின் கோடைப் பானங்களுக்கும் நம்முடையவற்றுக்கும் இருக்கும் உறவைக் கவனித்திருக்கிறீர்களா? ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் வைக்கிறோம். அது மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, டெல்லி வெயில் பல்லைக் காட்டத் தொடங்கும் நேரத்தில் வருகிறது. நாமோ நைவேத்தியம் ஆனதும் ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்துவிட்டு அடுத்த வருஷம் வரை மறந்துவிடுகிறோம். நூறு கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம், சிட்டிகை உப்பு. கொதிக்க வைக்கவேண்டியதில்லை, கரைத்து வடிகட்டினால் சரி. இதைவிடச் சுலபமான பானம் எது? ஜூன் முப்பது வரை தினமும் செய்யலாம், ராமர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னொரு வேடிக்கை. வில்வ இலையைச் சிவனுக்குப் போடுகிறோம். இங்கே அதன் பழத்தை உடைத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து, வடிகட்டி, பேல் சர்பத் என்று ரெஹ்ரி வண்டியில் விற்கிறார்கள். வயிற்றுக்கு அவ்வளவு இதம். நம்மில் எத்தனை பேர் அதைக் குடித்திருக்கிறோம்? பீகாரிலிருந்து வந்த உழைப்பாளிகள் நடுவெயிலில் சத்து என்ற மாவைக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வறுத்த கடலையின் மாவில் உப்பு, எலுமிச்சை, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத் தண்ணீரில் கலக்குகிறார்கள். ஏதோ அந்நியப் பொருள் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் சட்னிக்கு வைத்திருக்கும் பொட்டுக்கடலை, தோல் நீக்கிய வறுத்த கடலைதான். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய அதே மாவு. இரண்டு ஸ்பூன் கரைத்துக் குடித்துவிட்டு மெட்ரோ ஏறினால் மதியம் வரை பசிக்காது.

மாங்காய் பன்னாவைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டு மாங்காயை, காலையில் வைக்கும் அதே குக்கரில் ஓரமாகப் போட்டு வேகவிடுங்கள், தனி அடுப்பு வேண்டாம். சதையைப் பிசைந்து, வெல்லமோ சர்க்கரையோ, வறுத்த சீரகப்பொடி, கறுப்பு உப்பு, புதினா சேர்த்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். வேண்டும்போது இரண்டு ஸ்பூனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர். கறுப்பு உப்பு நமக்குப் பழக்கமில்லாத வாசனைதான், கொஞ்சமாக ஆரம்பியுங்கள். நீர்மோரிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை என்கிற நம் கணக்கு மாறவேண்டாம்.

ஹக்கீம் அப்துல் மஜீத் 1906-ல் பழைய டெல்லியில் ஹம்தர்த் என்று ஒரு மருந்தகம் திறந்தார். ரூஹ் அஃப்ஸா அவர் கைவண்ணம். வெயிலுக்கு மருந்தாகப் பிறந்து, வீட்டுக்கு வீடு சர்பத்தாக ஆகிவிட்டது. எனக்கு அதன் இனிப்பு கொஞ்சம் அதிகம், பாலில் பாதி அளவு விட்டால் சரியாக இருக்கும். தெருவில் விற்கும் பண்டா சோடாவைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். நம் ஊர் கோலி சோடாதான் அது. ஆங்கிலேயர் ஹிராம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய புட்டி, மதுரையிலும் சாந்தினி சவுக்கிலும் ஒரே மாதிரி சத்தம் போடுகிறது.

வெயிலில் வாடி வந்தவருக்கு இவை எதுவும் தயாராக இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை வழித்த அளவில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு முக்கியம், உப்பைக் கூட்டிவிடாதீர்கள். நினைவு தப்பியவருக்கு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

குளிர்காலத்துக்கும் டெல்லியில் ஒரு பானம் உண்டு, கறுப்பு காரட் காஞ்ஜி. காரட்டை நீளநீளமாக நறுக்கி, கடுகுப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு போட்டு ஜாடி நிறையத் தண்ணீர் விட்டு, நாலைந்து நாள் மாடி வெயிலில் வைப்பார்கள். புளித்து, நாவல்பழ நிறத்தில், மூக்கில் ஏறும் காரத்தோடு வரும். ஹோலி வரைக்கும் குடிப்பார்கள். புளித்த மாவில் ஊறி வளர்ந்த நமக்கு இது பிடிக்காமல் போக நியாயமே இல்லை.

காப்பியைப் பற்றி நான் பேசினால் சங்கம் இரண்டாகப் பிளக்கும். ஒன்று மட்டும். காலையில் மீந்த இரண்டாவது டிகாக்ஷனைக் கொட்டாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து, மாலையில் சில்லென்ற பால், சர்க்கரையோடு மிக்ஸியில் அடித்தால், கன்னாட் பிளேஸில் வரிசையில் நின்று வாங்குகிற கோல்ட் காபி வீட்டிலேயே ஆயிற்று.

இனி சமையலறையின் தோற்றம். இதில் எனக்குப் பிடித்த ஒரு கதை ஜெர்மனியில் இருக்கிறது. 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக்கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். நம் சர்க்கார் குவார்ட்டர்ஸ் சமையலறையை விடப் பெரிதொன்றும் இல்லை. அடி எண்ணி, கை எட்டும் தூரம் கணக்கிட்டு, ஒவ்வொரு மளிகைச் சாமானுக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பு டப்பாக்களை வரிசையாக வைத்தார். அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம், ஈ அதில் உட்காராது என்ற நம்பிக்கையில். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. இன்று மாடுலர் கிச்சன் என்று கீர்த்தி நகரில் லட்சக்கணக்கில் விற்கிறார்களே, அதற்கெல்லாம் அதுதான் பாட்டி. அந்த அம்மாள் பிற்காலத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார்: அதை வடிவமைக்கும் வரை அவர் சமைத்ததே கிடையாதாம்!

அவருக்குக் கணக்கு இருந்தது, கைகொடுத்தது. நம் ஊர் விற்பனையாளருக்குக் கணக்கும் இல்லை, சமைத்த பழக்கமும் இல்லை. பளபள பட்டியலைக் காட்டுவார். துகள்பலகையில் செய்த அலமாரி, ஸிங்க்குக்குக் கீழே இரண்டு மழைக்காலம் பார்த்தால் ஊதிவிடும். செய்வதென்றால் தண்ணீர் தாங்கும் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். மேடைக்கு மக்ரானா சலவைக்கல் அழகுதான், தாஜ்மகாலுக்குப் போட்ட கல். ஆனால் தாஜ்மகாலில் யாரும் புளி கரைப்பதில்லை. புளியும் எலுமிச்சையும் பட்டால் சலவைக்கல்லின் மினுமினுப்பு அரித்துப்போகும். தமிழ்ச் சமையலுக்குக் கறுப்பு கிரானைட்தான் சரி. குழாயில் படியும் உப்புக்கறையை வினிகர் தொட்டுத் துடைப்பவர்களும் சலவைக்கல் மேல் அது சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன் செலவில்லாத, அல்லது செலவு குறைந்த வேலைகள் நிறைய இருக்கின்றன. வாடகை வீட்டிலும் செய்யலாம். தீபாவளிக்கு முன் இந்த நகரமே சஃபேதி என்று வெள்ளை அடிக்கிறது, பரணை ஒழிக்க அதுவே முகூர்த்தம். என் அனுபவத்தில் டெல்லித் தமிழர் பரணில் மூன்று விஷயங்கள் நிச்சயம் இருக்கும்: காலி பிளாஸ்டிக் டப்பா, ரிப்பேரான பழைய மிக்ஸி, அம்மாவின் வெண்கலப் பானை. முதல் இரண்டையும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் போடுங்கள். மூன்றாவதை இறக்கித் தேய்த்து, கண்ணில் படும் தட்டில் வையுங்கள், வாரம் ஒரு நாள் அதில் பொங்கல் வையுங்கள். எந்த ஓவியமும் அந்த மூலைக்கு அவ்வளவு பொருந்தாது. ஈயச்சொம்பு இருந்தால் ரசம் வைக்கலாம், காலியாக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். பாட்டி காலத்துச் சொத்து ஒரு நிமிஷத்தில் பர்னரில் வழியும்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலான வீடுகளில் குழல்விளக்கு சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, நம் நிழலிலேயே நாம் காய் நறுக்குகிறோம். தலைக்கு மேலுள்ள தட்டின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டிப் பாருங்கள். சுவரைத் துடைக்கும்படி எண்ணெய்ப் பூச்சாக, வெளிர் நிறத்தில் அடித்தால் அறை அகலமாகத் தெரியும். எக்ஸாஸ்ட் விசிறியைக் கழற்றிப் பிசுக்கு எடுங்கள், பாதி வீடுகளில் அது சுற்றுகிறதே தவிர இழுப்பதில்லை. நவம்பர் புகைமூட்டத்தில் காலையும் இரவும் ஜன்னலை மூடி வைத்து, நண்பகல் வாக்கில் திறந்துவிடுங்கள். பொரிக்கிற வேலையெல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

2016-ல் ஒன்றிய அமைச்சரவை சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலான ஏழு அரசுக் குடியிருப்புகளை மாற்றிக் கட்ட ஒப்புதல் கொடுத்தது. பழைய குவார்ட்டர்ஸ் பல இடிந்து, பலமாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. உங்களில் சிலர் அங்கே குடிபோயிருப்பீர்கள், சிலர் ஓய்வுபெற்று மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டில் மேடையை உடைத்துக் கட்டத் திட்டமிட்டிருப்பீர்கள். மிஸ்திரி வந்து வழக்கமான உயரத்தைச் சொல்லுவார். தலையாட்டாதீர்கள். தினமும் சமைப்பவர் செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை வரவேண்டும், அடுப்பு உட்காரும் இடம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் தோள் வலிக்காது. வீட்டில் இரண்டு பேர் சமைப்பதாக இருந்தால், குள்ளமானவருக்கு அடுப்புப் பக்கத்தையும் உயரமானவருக்கு ஸிங்க் பக்கத்தையும் அளந்து கொடுங்கள். பாத்திரம் தேய்க்கும் வேலை யாருக்கு வருகிறது என்பது அப்போதே முடிவாகிவிடும்.